மஞ்சள் படிந்த சாட்டின் கல்யாண கவுனை மீட்பது எப்படி?

ஏற்காட்டின் பனி எந்தத் துணியையும் விட்டுவைக்காது. 1962-ல் என் அத்தை தேவாலயத்துக்குள் அணிந்து சென்ற சாட்டின் கவுன், ஏற்காட்டு வீட்டில் ஒரு மரப்பெட்டிக்குள் அறுபது ஆண்டுகள் கிடந்தது. பேத்தியின் திருமணத்துக்காக அதை வெளியே எடுத்தபோது மார்புப் பகுதி வெளிறிய மஞ்சளாக இருந்தது. மடிப்புகள் எல்லாம் பழுப்புக் கோடுகள். பாவாடையின் முன்பக்கத்தில் காபி டிகாக்ஷன் சிந்தியது போல ரூபாய் நாணய அளவில் நான்கைந்து திட்டுகள். பார்த்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பிளீச்சிங் பவுடர், சொட்டு நீலம், எலுமிச்சை, வெயில். இந்த நான்கும் அந்தக் கவுனைக் கெடுத்திருக்கும். அது இன்று முழுதாக இருப்பதற்குக் காரணம், முதல் இரண்டு வாரம் நாங்கள் அதை நனைக்காமல் வைத்துப் பார்த்ததுதான். இந்த வழிகாட்டியின் பாதியும் நனைப்பதற்கு முந்திய வேலையைப் பற்றியதே.

மஞ்சள் எங்கிருந்து வந்தது?

மஞ்சள் என்பது ஒரே நோய் அல்ல. துணி முழுக்கச் சீராகப் படர்ந்த மஞ்சள், நூலே காற்றோடும் வெளிச்சத்தோடும் சேர்ந்து முதிர்ந்ததால் வருவது. பட்டு ஒரு புரதம். அதன் சில அமினோ அமிலங்கள் புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாக மாறும். மடிப்புகளில் மட்டும் கோடு கோடாக இருந்தால், பெட்டியின் மரமோ அட்டையோ பழுப்புக் காகிதமோ விட்ட அமிலத்தைச் சந்தேகியுங்கள். அக்குளில் இருப்பது வியர்வை. புள்ளி புள்ளியாகப் பழுப்பு இருந்தால் பூஞ்சணம். மலைவீடுகளில் இதுதான் அதிகம். ஊக்கோ குண்டூசியோ இருந்த இடத்தில் செம்பழுப்பு வளையம் இருந்தால் துரு.

இன்னொன்று உண்டு, பலர் கவனிப்பதில்லை. திருமணத்தன்று சிந்திய திராட்சை ரசமும் கேக்கின் சர்க்கரையும் உலர்ந்ததும் கண்ணுக்குத் தெரியாது. சுத்தமாகத்தான் இருக்கிறது என்று பெட்டியில் வைத்துவிடுவார்கள். ஆண்டுகள் போகப் போக அந்தச் சர்க்கரை பழுத்து, பாகு காய்ந்தது போலக் கருகிய நிறம் காட்டும். எங்கள் கவுனின் டிகாக்ஷன் திட்டுகள் இவைதாம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சலவைக் கடையில் கறையை எடுக்காமலே சூடான இஸ்திரி போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று அத்தை வருத்தத்தோடு சொன்னார். சூடு பட்ட கறை நூலோடு இறுகிவிடும்.

அடுத்து, இதன் பழைய நிறம் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். கீழ் மடிப்பில் இரண்டு விரற்கடை நீளத்துக்குத் தையலைப் பிரித்து உள்ளே மடிந்திருக்கும் துணியைப் பாருங்கள். வெளிச்சமும் வியர்வையும் படாத இடம் அது. எங்கள் கவுனில் அந்த இடம் பாலாடை நிறத்தில் இருந்தது. நாங்கள் எட்ட வேண்டிய நிறம் அதுவே. காகித வெள்ளை ஒரு நாளும் அதன் நிறமாக இருந்ததில்லை. இங்கிலாந்து அரசி விக்டோரியா 1840-ல் வெண்சாட்டின் உடுத்தி மணம் புரிந்த பிறகே வெள்ளைக் கவுன் உலகமெங்கும் வழக்கமானது. ஆனால் அந்த நாளின் வெள்ளையும் இன்றைய வெள்ளையும் ஒன்றல்ல. இன்று கண்ணைப் பறிக்கும் வெள்ளைகள் பெரும்பாலும் ஒளிரும் சாயம் ஏற்றியவை. பழைய சாட்டினை அந்த வெள்ளைக்கு இழுத்தால் நூல் சாகும்.

சாட்டின் என்றால் பட்டு என்று பொருள் இல்லை

சாட்டின் என்பது நெசவின் பெயர், நூலின் பெயர் அல்ல. குறுக்கு நூலான ஊடையோ நெடுக்கு நூலான பாவோ பல இழைகளைத் தாண்டி மேலே மிதந்து செல்வதால் அந்த வழவழப்பு. பட்டிலும் சாட்டின் உண்டு, ரேயானிலும் அசிடேட்டிலும் நைலானிலும் பாலியெஸ்டரிலும் உண்டு. 1950-களுக்கு முந்திய கவுன் என்றால் பாலியெஸ்டர் என்று எண்ண வேண்டியதில்லை. அதற்குப் பிந்தியது எதுவாகவும் இருக்கலாம். ஒரே கவுனில் மேல்துணி ஒன்று, உள்துணி ஒன்று, லேஸ் ஒன்று, தலையில் போடும் நெட் ஒன்று என நான்கு வகை நூல் இருப்பது சாதாரணம். ஒவ்வொன்றையும் தனியாகச் சோதியுங்கள்.

உள்தையலின் ஓரத்திலிருந்து அரை விரல் நீளத்துக்கு நான்கைந்து இழை எடுங்கள். இடுக்கியில் பிடித்து, பீங்கான் தட்டுக்கு மேல், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு நெருப்புக் காட்டுங்கள். பட்டு மெல்லச் சுருண்டு, தலைமயிர் கருகும் நாற்றம் தரும். கரி விரலில் நசுங்கிப் பொடியாகும். ரேயானும் பருத்தியும் காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். அசிடேட் உருகி எரியும், புளித்த காடி வாசனை வரும், கெட்டியான மணி எஞ்சும். பாலியெஸ்டரும் நைலானும் உருகிக் கடின உருண்டையாகும். பாலியெஸ்டரில் கரும்புகை அதிகம். எங்கள் கவுனின் மேல்துணி பட்டு, உள்துணி ரேயான், நெட் நைலான்.

அசிடேட் என்று சந்தேகம் இருந்தால் நகப்பூச்சு நீக்கும் திரவத்தை அருகே கொண்டுபோகாதீர்கள். அதில் உள்ள அசிட்டோன் அசிடேட்டைக் கரைத்து ஓட்டையாக்கிவிடும்.

நனைக்கலாமா?

உள்தையல் அருகே துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே மெல்ல மடித்து விடுங்கள். மடித்த இடத்தில் கீறல் விழுந்தாலோ தூள் உதிர்ந்தாலோ அந்தக் கவுன் தண்ணீருக்கு உரியதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், எடை கூட்டுவதற்காகப் பட்டில் வெள்ளீய உப்பு ஏற்றினார்கள். அந்தப் பட்டு காலப்போக்கில் தானாகவே கிழியும். அதற்கு மருந்து இல்லை. தூசு எடுத்து, தட்டையாக வைத்துக் காப்பாற்றுவது ஒன்றே வழி.

ஜிகினா வில்லைகள் தைத்திருந்தால் உள்பக்கம் ஒன்றைக் கழற்றித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். 1930-களின் வில்லைகளில் ஜெலட்டினால் செய்தவை உண்டு, நனைந்தால் கூழாகும். போலி முத்துகளின் மேற்பூச்சு டிரை கிளீனிங் திரவத்தில் உரியலாம். தலையலங்காரத்தில் மெழுகுப் பூக்கள் இருந்தால் தண்ணீரும் வேண்டாம், சூடும் வேண்டாம்.

பிறகு சாயச் சோதனை. பஞ்சு சுற்றிய குச்சியைத் தண்ணீரில் தொட்டு, ஒவ்வொரு துணியிலும் நூலிலும் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் நிறுத்துங்கள். இதே சோதனையைச் சோப்புத் திரவத்திலும், பின்னால் சொல்லப்போகும் பெராக்சைடு கரைசலிலும் செய்ய வேண்டும்.

டிரை கிளீனிங் போதாதா என்று கேட்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கை அது நன்றாக எடுக்கும். சர்க்கரையும் வியர்வை உப்பும் தண்ணீரில் கரைபவை, அந்தத் திரவத்தில் போகாது. முதுமையால் வந்த மஞ்சளும் போகாது. நனைக்க முடியாத கவுனுக்கு மட்டும் அதை நாடுங்கள். அப்போதும் புதிய திரவத்தில் தனியாகப் போடச் சொல்லி, மணிகளையும் பொத்தான்களையும் கழற்றிக் கொடுங்கள்.

பருவமும் தண்ணீரும்

இந்த வேலையை ஏற்காட்டில் செய்யாதீர்கள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், பனி மூடிய வீட்டில், பட்டு உலர இரண்டு நாள் ஆகும். அதற்குள் பூஞ்சணம் திரும்ப வரும். இருபது கொண்டையூசி வளைவுகளையும் இறங்கி, கவுனைச் சேலத்துக்குக் கொண்டுவந்தோம். மடிக்காமல், பின்சீட்டில் வெள்ளை வேட்டி விரித்து, அதன் மேல் உருட்டி வைத்து வந்தோம். மாதம் ஜனவரி இறுதி. காற்று வறண்டிருக்கும், ஏப்ரல் மாதத்தின் கொடிய சூடும் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடவே வேண்டாம்.

சேலத்தில் பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். அந்த உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து, வெள்ளைத் திப்பியாகத் துணியில் ஒட்டும். தண்ணீரில் இரும்பு இருந்தால் புதிதாக மஞ்சளும் ஏறும். மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் இதைவிட எவ்வளவோ மேல். அலசலின் கடைசிச் சுற்றுக்கு 20 லிட்டர் கேன் தண்ணீர் மூன்று வாங்கி வையுங்கள். நாங்கள் காவிரித் தண்ணீரை முந்திய நாளே பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து, கசடு இறங்கவிட்டு, மேலாக மொண்டு பயன்படுத்தினோம்.

தூசும் இரும்பும்

வேகம் குறைத்த வேக்குவம் கிளீனரின் வாயில் பழைய கொசுவலைத் துண்டைக் கட்டி, துணியில் உரசாமல் அரை அங்குலம் மேலே பிடித்து, உள்ளும் புறமும் தூசு எடுங்கள். பூஞ்சணம் இருந்தால் இதை வெளியில், முகக்கவசத்தோடு செய்யுங்கள்.

அதன் பிறகு இரும்பு, பித்தளை எதுவும் துணியில் இருக்கக் கூடாது. கொக்கி, ஊக்கு, ஜிப், துணி சுற்றிய உலோகப் பொத்தான், இடுப்புக்கு வைத்த கம்பி, எல்லாவற்றையும் பிரித்து எடுங்கள். எது எங்கே இருந்தது என்று படம் எடுத்துவிட்டுப் பிரியுங்கள். இது அழகுக்காகச் சொல்வதல்ல. பெராக்சைடு இரும்பையோ செம்பையோ தொட்டால் அந்த இடத்தில் அதன் வேகம் பல மடங்காகி, துணியில் ஓட்டை விழும்.

கிழிந்த இடங்களுக்கு இரு பக்கமும் மெல்லிய நெட் வைத்து நூலோட்டிவிடுங்கள். லேஸ் பிய்ந்திருந்தாலும் அப்படியே. உள்துணியைப் பிரித்துத் தனியாகக் கழுவ முடிந்தால் நல்லது. ரேயான் நனைந்தால் தன் பலத்தில் ஏறத்தாழ பாதியை இழந்துவிடும்.

மொட்டைமாடியில் ஒரு தொட்டி

வாளியில் அமுக்கிக் கழுவினால் சாட்டினில் உண்டாகும் சுருக்கம் போகாது. கவுன் விரிந்து படுக்க வேண்டும். அதற்கு மொட்டைமாடியில் நிழலான இடத்தில் செங்கற்களை 5 அடி நீளம், 4 அடி அகலத்துக்குச் சுற்றி அடுக்கி, மேலே புதிய, கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டால் தொட்டி தயார். ஒரு பக்கத்துச் செங்கல்லை நீக்கினால் தண்ணீர் தானாக வடியும், கவுனைத் தூக்க வேண்டியதில்லை. நான்கு அங்குல ஆழத்துக்குச் சுமார் 190 லிட்டர் பிடிக்கும்.

தொட்டிக்குள் முதலில் வெள்ளைக் கொசுவலை ஒன்றை விரித்து, அதன் மேல் கவுனைப் படுக்கவையுங்கள். நனைந்த கவுன் நிறைகுடம் போலக் கனக்கும். தோளைப் பிடித்துத் தூக்கினால் அந்தக் கனம் முழுவதும் தோள் தையலில் இறங்கி, கிழித்துவிடும். தூக்க வேண்டிய ஒவ்வொரு முறையும் கொசுவலையின் நான்கு மூலையையும் இருவர் பிடித்துத் தூக்குங்கள்.

கழுவும் நாள்

முதல் தண்ணீரில் சோப்பே வேண்டாம். வெறும் குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம். எங்கள் தொட்டியில் பத்தாவது நிமிடமே தண்ணீர் வெளிறிய தேநீராக மாறியது. திட்டுகளிலிருந்து பழுப்பு, புகை போல நெளிந்து மேலே எழுந்ததை அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வடித்துவிட்டு மறுபடி நிரப்பினோம். நான்கு முறை. சர்க்கரைக் கறையில் பாதி இந்த வெறும் தண்ணீரிலேயே இறங்கிவிட்டது.

அடுத்து, பட்டுக்கும் கம்பளிக்கும் என்று விற்கும் மென்மையான திரவச் சோப்பு. சாதாரணச் சலவைத் தூள் காரமானது, அதில் புரதத்தை அரிக்கும் நொதியும் இருக்கலாம். பட்டே புரதம் என்பதை மறக்கக் கூடாது. பத்து லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி போதும். தண்ணீர் கைக்கு இதமான வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது, 30 டிகிரிக்குள் இருக்கட்டும். உள்ளங்கையால் மேலிருந்து மெல்ல அழுத்தி விடுங்கள். தேய்க்காதீர்கள், பிழியாதீர்கள், பிரஷ் போடாதீர்கள். சாட்டினின் மிதக்கும் இழைகள் ஒருமுறை உரசிப் பிசிறினால் அந்த இடம் என்றும் மங்கலாகத் தெரியும். இருபது நிமிடம் கழித்து வடித்து, நுரை போகும்வரை அலசுங்கள்.

பட்டுக்குப் பூந்திக்கொட்டை போடலாமே என்று நம் ஊரில் யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். நிறமுள்ள பட்டுப் புடவைக்கு அருமையானது. ஆனால் அதன் சாறு பழுப்பு. வெளிர் சாட்டினில் அந்தச் சாயல் தங்கும். இதற்கு வேண்டாம்.

மஞ்சள் இன்னும் இருந்தால்

இங்கே அவசரப்பட்டுத்தான் பல கவுன்கள் அழிந்திருக்கின்றன. குளோரின் கலந்த பிளீச், பிளீச்சிங் பவுடர் இரண்டும் பட்டைக் கரைத்துவிடும், நைலானை இன்னும் மஞ்சளாக்கும். சொட்டு நீலம் மஞ்சளை எடுப்பதில்லை, மூடுகிறது. திட்டுத் திட்டாகப் பிடித்தால் திரும்ப எடுப்பது பெரும்பாடு.

பட்டுக்கு உரியது ஹைட்ரஜன் பெராக்சைடு. பட்டு ஆலைகளிலும் இதைக் கொண்டே வெளுக்கிறார்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் பாட்டிலில் 3% அல்லது 6% என்று அச்சிட்டிருக்கும். 20 வால்யூம் என்றால் 6%. 40 லிட்டர் தண்ணீருக்கு 6% பெராக்சைடு 2 லிட்டர் கலந்தால் ஏறத்தாழ 0.3% கரைசல் கிடைக்கும். அதற்கு மேல் போக வேண்டாம். பெரிய பிளாஸ்டிக் டப்பில் கலக்குங்கள். கல்யாண வீட்டுப் பித்தளை அண்டா கண்டிப்பாகக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள்.

துருக் கறை எங்காவது இருந்தால் அந்தக் கவுனைப் பெராக்சைடில் போடவே போடாதீர்கள். மற்றவற்றில், கீழ் மடிப்பின் உள்பக்கத்தில் சோதித்த பிறகு, கவுன் முழுவதும் கரைசலுக்குள் அமிழும்படி போடுங்கள். ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அங்கே கோடு விழும். வெள்ளைப் பீங்கான் தட்டுகளைக் கனமாக வைக்கலாம். அரை மணிக்கு ஒருமுறை பாருங்கள். எங்களுக்கு ஒன்றரை மணி நேரத்தில் மார்புப் பகுதி, மடிப்புக்குள் கண்ட பாலாடை நிறத்துக்கு அருகே வந்தது. அங்கேயே நிறுத்தினோம். இரண்டு மணி நேரத்தைத் தாண்டாதீர்கள். போதவில்லை என்றால் நன்றாக அலசி உலர்த்தி, சில நாள் கழித்து யோசியுங்கள்.

பருத்தி லேஸ், பாலியெஸ்டர் சாட்டின் என்றால் ஆக்சிஜன் பிளீச் தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துச் சில மணி நேரம் ஊறவைக்கலாம். அது காரம் மிகுந்தது, பட்டுக்கும் அசிடேட்டுக்கும் ஆகாது. நைலான் நெட் மஞ்சளானால் முழுதாகத் திரும்புவது அரிது. எங்கள் நெட் திரும்பவில்லை. புதிய நெட் வாங்கி, பழையதன் ஓர லேஸை மட்டும் பிரித்து அதில் தைத்தோம்.

பெராக்சைடுக்குப் பிறகு ஐந்து முறையாவது அலசுங்கள். கடைசிக்கு முந்திய அலசலில், பட்டு என்றால், பத்து லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் சேருங்கள். எஞ்சிய காரம் போகும், பட்டின் சரசரப்பும் திரும்பும். அதன் பிறகு கேன் தண்ணீர்.

துருவும் அக்குளும்

எலுமிச்சையும் உப்பும் பருத்தியில் துருவை எடுக்கும். பழைய பட்டில் அந்தச் சோதனை வேண்டாம். சிறு துருப் புள்ளி என்றால் அதன் மேல் அதே காலத்து லேஸில் ஒரு பூவை வெட்டித் தைத்துவிடுவதே நல்ல வழி என்பது என் கருத்து. அக்குள் கறை முழுதாகப் போகாது. அங்கே துணியும் நைந்திருக்கும். உள்பக்கம் மெல்லிய பட்டு ஒட்டுப்போட்டுத் தாங்கல் கொடுங்கள்.

உலர்த்துவதும் இஸ்திரியும்

கொசுவலையோடு தூக்கி, கயிற்றுக் கட்டிலில் விரித்த வெள்ளை டர்க்கித் துண்டுகளின் மேல் வையுங்கள். மேலே இன்னொரு துண்டு வைத்து உள்ளங்கையால் ஒற்றுங்கள். துண்டு நனைய நனைய மாற்றுங்கள். கைகளுக்குள்ளும் மார்புக்குள்ளும் உலர்ந்த துண்டுகளைச் சுருட்டி வைத்தால் வடிவம் நிற்கும். விசிறிக் காற்று போதும். சேலத்தின் குகை என்ற பகுதியில் பல ஆண்டுகள் வெண்பட்டு நெய்த பெரியவர் ஒருவரிடம் கவுனைக் காட்டியபோது அவர் முதலில் சொன்னது, "அம்மா, வெயிலில் மட்டும் காட்டாதீர்கள், பட்டு பழுத்துவிடும்" என்பதுதான். புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டை நெய்த கை அது. பருத்தி வேட்டியை வெளுக்கும் அதே வெயில், பட்டை மஞ்சளாக்கி நூலையும் இறக்கிவிடும்.

கறை எல்லாம் போன பிறகே இஸ்திரி. உள்பக்கத்திலிருந்து, மேலே மெல்லிய வெள்ளைத் துணி போட்டு, பட்டுக்கான குறைந்த சூட்டில். அசிடேட் என்றால் அதிலும் குறைவாக. தண்ணீர் தெளிக்காதீர்கள், பட்டுச் சாட்டினில் துளி விழுந்த இடம் வளையமாக நிற்கும்.

எடுத்துவைப்பது

சலவைக் கடையின் பிளாஸ்டிக் உறையோடு பீரோவில் தொங்கவிடாதீர்கள். பிளாஸ்டிக்கில் இருக்கும் சில வேதிப்பொருள்களே துணியில் மஞ்சளை ஏற்றும், ஈரத்தையும் உள்ளே பிடித்துவைக்கும். கனமான கவுன் தொங்கினால் தோள் தளரும். அந்துருண்டையும் வேண்டாம். கஞ்சி போடவே கூடாது. பூச்சிக்கு அது விருந்து.

காடா துணியை இரண்டு மூன்று முறை கொதிக்கவைத்துக் கஞ்சி நீக்கி, அதில் கவுனைச் சுற்றுங்கள். அமிலமற்ற டிஷ்யூ காகிதம் கிடைத்தால் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் அதைச் சுருட்டி வையுங்கள். கிடைக்காவிட்டால் துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி வேட்டித் துண்டுகள் போதும். மடிப்பு கூர்மையாக விழக் கூடாது என்பதே நோக்கம். வசம்பைத் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில், கவுனைத் தொடாமல் வைக்கலாம். எங்கள் கவுன் இப்போது ஏற்காட்டுக்குத் திரும்பவில்லை. சேலத்து வீட்டில், தரைத்தளத்தில், வெளிச்சுவரைத் தொடாத இரும்புப் பீரோவின் நடுத்தட்டில் இருக்கிறது.

மேலே ஒரு சீட்டு வைத்திருக்கிறோம். மேல்துணி பட்டு, உள்துணி ரேயான், பெராக்சைடு ஒன்றரை மணி நேரம், இடது அக்குளில் ஒட்டு, பாவாடை முன்பக்கத்தில் ஒரு திட்டு போகவில்லை, கழற்றிய கொக்கிகள் சிறு பையில். ஆண்டுதோறும் ஜனவரியில் திறந்து, அரை நாள் நிழலில் காற்றாட விட்டு, பழைய மடிப்புக்கு நான்கு விரல் தள்ளிப் புது மடிப்பு மடிக்கிறோம். அந்தத் தேதியையும் சீட்டில் எழுதுவது அத்தையின் வேலை.